அம்மாவுக்காக ஒரு தமிழ் சப்டைட்டில்: நொரிகோ மகளா, மருமகளா?

அம்மாவுக்கு ஆங்கில சப்டைட்டில் வாசிக்க வராது. ஆனால் ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யை (1953) அவர் பார்த்தே ஆகவேண்டும் என்று எனக்கு ஆசை. பிள்ளைகளைப் பார்க்க ரயிலேறி வரும் வயதான அப்பா அம்மாவின் கதை அது. அதனால் நானே தமிழில் எழுதினேன். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

படி 1: ஆங்கில எஸ்ஆர்டி கோப்பை (சப்டைட்டில் வரிகளும் அவை வரும் நேரமும் இருக்கும் கோப்பு) பிரதி எடுத்து, ‘சப்டைட்டில் எடிட்’ மென்பொருளில் திறந்துகொள்ளுங்கள். இலவசம்தான். ஒலியின் அலைவடிவமும் வரிகளும் ஒரே திரையில் தெரியும். ஏஜிசப் என்ற இன்னொரு மென்பொருள் அலங்கார எழுத்துகளுக்கு நல்லது. இந்த வேலைக்கு அது தேவையில்லை.

படி 2: நேரத்தைத் தொடாமல் வரிகளை மட்டும் தமிழாக்குங்கள். வரிக்கு 35 எழுத்து, அதிகபட்சம் இரண்டு வரி. இன்னொரு ஜப்பானிய இயக்குநர் கோரே-எடாவின் ‘ஸ்டில் வாக்கிங்’ (2008) தொடக்கத்தில் அம்மாவும் மகளும் காய் சீவிக்கொண்டே பேசுவார்கள். அங்கே பார்க்கவேண்டியது அந்தக் கைகளை. வரி நீண்டால் கண் கீழேயே நின்றுவிடும். பேச்சில் பாதியை விட்டாலும் பரவாயில்லை, சுருக்குங்கள்.

படி 3: உறவுமுறை. நான் சறுக்கியது இங்கேதான்.

நொரிகோ, போரில் இறந்துபோன மகனின் மனைவி. மாமியாரை அவள் ‘ஒகாசான்’ என்று கூப்பிடுவதை ஆங்கிலம் ‘மதர்’ என்றது. நானும் ‘அம்மா’ என்றே எழுதிவிட்டேன். படம் முடிந்ததும் அம்மா கேட்டார்: “கடைசிப் பொண்ணுதான் எவ்ளோ நல்ல பொண்ணு! மத்ததுங்க ஏன் இப்படி?” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்ற பிள்ளைகளுக்கு நேரமில்லை, வந்த மருமகள்தான் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்பதல்லவா படமே!

அன்றிரவே எல்லா இடத்திலும் ‘அத்தை’, ‘மாமா’ என்று மாற்றினேன். அடுத்த வாரம் மறுபடி போட்டோம். இறந்துபோன மனைவியின் கடிகாரத்தை மாமனார் நொரிகோவிடம் கொடுக்கும் இடத்தில், அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதனால் எழுத உட்காருமுன் ஒரு தாளில் குடும்ப மரம் போடுங்கள். யார் மூத்தவர், யார் வந்தவர், யார் யாருக்கு என்ன முறை. ஆங்கிலத்தில் ‘பிரதர்’, ‘சிஸ்டர்’ என்று வந்தால் காதைக் கொடுங்கள்: ‘நீசான்’ என்றால் அண்ணன், ‘நேசான்’ என்றால் அக்கா. ஜப்பானிய மொழியில் இருப்பது தமிழிலும் இருக்கிறது, நடுவில் ஆங்கிலம்தான் அதைத் தின்றுவிடுகிறது. ஸ்பானிஷ் படமானால் (அல்மோடவாரின் ‘ஆல் அபவுட் மை மதர்’, 1999, அடுத்து செய்யப்போகிறேன்) ‘தூ’ என்றால் நீ, ‘உஸ்தெத்’ என்றால் நீங்கள்.

படி 4: சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்வு செய்யுங்கள். ஆன்சி என்ற பழைய குறியாக்கத்தில் சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். படக்கோப்பின் பெயரையே இதற்கும் வைத்து ஒரே ஃபோல்டரில் போட்டால் விஎல்சி பிளேயர் தானே எடுத்துக்கொள்ளும். பேச்சுக்கும் எழுத்துக்கும் கொஞ்சம் முன்பின் ஆனால், விஎல்சியில் ஜி, எச் விசைகளை அழுத்திச் சரிசெய்தால் போதும்.

பின்சேர்க்கை 1: “தொடக்கத்தில் சரியாக இருக்கிறது, போகப்போக விலகுகிறது” என்று ஒருவர் எழுதியிருந்தார். ஜி, எச் இதற்கு உதவாது. படம் நொடிக்கு 25 ஃபிரேம், சப்டைட்டில் 23.976-க்கு எழுதியது என்றால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டரை நிமிடம் விலகிவிடும். சப்டைட்டில் எடிட்டிலேயே ஃபிரேம் ரேட்டை மாற்றும் வசதி இருக்கிறது.

பின்சேர்க்கை 2: பென்டிரைவில் போட்டு டிவியில் செருகினால் சில டிவிகளில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன. கோப்பில் தவறில்லை, அந்த டிவிக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் ‘பர்ன் இன்’ போட்டு எழுத்தைப் படத்தோடு சேர்த்துவிடலாம். நான் லேப்டாப்பை எச்டிஎம்ஐ வயரில் டிவியோடு இணைத்துவிடுகிறேன். பிழை கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்தித் திருத்தலாம், அம்மாவும் “இவ யாரு?” என்று அங்கேயே கேட்கலாம்.