வாசகர் என்ன தட்டித் தேடுகிறார்?

உங்கள் வலைப்பதிவில் பினாங்கு தைப்பூசத்தைப் பற்றி எழுதப் போகிறீர்களா? வெள்ளி ரதம் கிளம்பிய பிறகு போட்டால் சீண்ட ஆளிருக்காது. எந்தச் சொல்லை எப்போது அதிகம் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸ் தளத்தில் நாட்டை மலேசியாவாக மாற்றி, ‘தைப்பூசம்’ என்று தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தட்டிப் பாருங்கள். தேடல் எந்த வாரத்தில் ஏறுகிறது என்று கோடே காட்டிவிடும். இதற்குக் காசு கட்ட வேண்டாம். அந்த வாரத்துக்கு இரண்டு வாரம் முன்பே எழுதிப் போட்டுவிடுங்கள்.

அப்புறம், கூகுள் சர்ச் கன்சோல். கூகுளில் எந்தச் சொல்லைத் தேடி உங்கள் தளத்துக்கு வந்தார்கள் என்பது அதில் தெரியும். நான் ரதத்தின் வரலாற்றை மாய்ந்து மாய்ந்து எழுதியிருந்தேன். வந்தவர்கள் தேடியதோ, ரதம் போய்ச் சேரும் கோயில் இருக்கிற தண்ணீர்மலையில் காரை எங்கே விடுவது என்று: ‘தண்ணீர்மலை கார் பார்க்கிங்’! சரி என்று, ஜார்ஜ் டவுனில் இருக்கிற கொம்தார் கோபுரத்தின் பக்கம் காரை விட்டுவிட்டு நடந்த கதையைத் தனியாக எழுதினேன். இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் கேள்வி வருவது அதற்குத்தான்.