பூச்செடி நம் மண்ணுக்குத் தேறுமா? சோதித்துப் பார்க்கும் முறை

கேரளத்தில் திருச்சூர் பக்கமுள்ள மண்ணுத்தியிலிருந்து பன்னிரண்டு இட்லிப்பூச் செடிகளைப் பாலக்காடு மாவட்டத்திலுள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறைக்குக் கொண்டுவந்தேன். "எங்கே வைத்தாலும் வரும்" என்றார் நாற்றுப்பண்ணைக்காரர். அவருடைய ஊரில் வரும். அங்கே செம்மண், மழையும் அதிகம். எங்கள் பக்கம் கரிசல். ஆறே மாதத்தில் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றன. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேருக்கு எட்டாது. அதன்பிறகு எந்த அழகுச் செடியையும் சோதிக்காமல் வரிசையாக நடுவதில்லை.

முதலில் மண். காய்ந்த மண் ஒரு பிடி எடுத்து வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு. தோட்டத்தில் சுக்கான் கல் கிடந்தால் வினிகர் செலவும் மிச்சம். பிறகு ஓர் அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, நீர் நிரப்பி வடியவிட்டு, மாலையில் மறுபடி நிரப்புங்கள். விடிந்தும் நீர் நின்றால் மேடு கட்டித்தான் நட வேண்டும்.

அடுத்து கன்றுகள். தொடங்குபவருக்கு நான்கு வகை போதும். ஒவ்வொன்றிலும் மூன்று கன்று, ஒரே பண்ணை, ஒரே உயரம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரு வகை முழுவதும் வாய்க்கால் ஈரத்திலும் இன்னொரு வகை முழுவதும் தென்னை நிழலிலும் அமைந்துவிடலாம்; எனவே சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்குங்கள். ஒப்பிடுவதற்கு ஊரில் ஏற்கெனவே நன்றாக வரும் ஒன்றையும் சேருங்கள். எங்களுக்கு அது அரளி. அரளியே வாடினால் கோளாறு செடியில் இல்லை, நம்மிடம்.

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்ததும் நடுங்கள். கவரைக் கிழித்து, சுருண்டு கிடக்கும் வேரைப் பிரித்துவிடுங்கள். குழியில் வெளியிலிருந்து செம்மண்ணும் உரமும் கொட்டி நிரப்பாதீர்கள். செடி தொட்டியில் வளர்வதுபோல் குழிக்குள்ளேயே சொகுசாக இருந்துவிடும், நம் மண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

முதல் வருடம் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நீர். இரண்டாம் வருடம் படிப்படியாக நிறுத்துங்கள். எங்கள் அம்மா நந்தியாவட்டைக்கு மட்டும் அரிசி களைந்த தண்ணீரை யாருக்கும் தெரியாமல் ஊற்றிவந்தார். அந்த வருடக் கணக்கு முழுவதும் வீண்.

எங்கள் ஊரில் கடுமையான பரீட்சகர் காற்று. நாங்கள் இருக்கும் பாலக்காட்டுக் கணவாய், மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளி, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து ஈரக்காற்று தள்ளும்; கார்த்திகை முதல் கிழக்கிலிருந்து வறண்ட காற்று. மலையாளத்தில் இதை விருச்சிகக் காற்று என்பார்கள். இந்த இரண்டாவதுதான் ஏமாற்றும்: மண்ணில் ஈரம் இருக்கும்போதே இலை ஓரம் கருகும். நீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றி, வேரை அழுகவிடுவார்கள். குல்மோகர் போன்ற மரங்களைச் சோதிக்கும்போது கிளை முறிவதையும் சேர்த்துக் குறியுங்கள். முதல் சில வருடங்களில் எதுவும் தெரியாது, தலை கனத்த பிறகே குணம் தெரியும். எனவே மரங்களுக்கு அவசரத் தீர்ப்பு வேண்டாம். அமெரிக்காவில் அயோவாவின் ஏம்ஸ் நகரை மையமாக வைத்து 1954 முதல் நடந்துவந்த வட்டார அழகுச்செடிச் சோதனைகளில் 1, 5, 10 ஆம் ஆண்டுகளில் கணக்கெடுத்தார்கள்.

நோட்டில் மாதம் ஒருமுறை எழுதினால் போதும்: உயரம், அகலம், பூத்த நாட்கள், இலைக் கருகல், மாவுப்பூச்சி. ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். செத்த கன்றையும் எழுதுங்கள். பலர் அந்தப் பக்கத்தைத்தான் கிழித்துவிடுகிறார்கள்.

மூன்றாம் வருடம் வேலிக்கு வெளியேயும் குனிந்து தேடுங்கள். தானாக முளைத்த கன்றுகள் கூட்டமாகத் தெரிந்தால் எச்சரிக்கை. வயநாட்டுக் காடுகளை இன்று நெருக்கும் மஞ்சள் கொன்றை (சென்னா ஸ்பெக்டாபிலிஸ்; நம் சரக்கொன்றை அல்ல) அழகுக்காக வந்த மரம்தான். அப்படிப் பரவும் செடி ஐந்துக்கு ஐந்து வாங்கியிருந்தாலும் தயங்காமல் எடுத்துவிடுங்கள். வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும்.