பழைய மேசைக் கணினி வீட்டுச் சேமிப்பகமான கதை

2009-இல் வாங்கிய எங்கள் மேசைக் கணினி, கோர் 2 டுவோ செயலியும் 2 ஜிபி ரேமும் கொண்டது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-உடன் முடிந்தபின், அதை இணையத்தில் இணைக்கத் துணியாமல் மூலையில் போர்த்தி வைத்திருந்தேன். காயலான் கடைக்காரர் கேட்ட விலை, அதன் மேசைக்குக்கூடக் காணாது என்பதால், குடும்பப் புகைப்படங்களைச் சேமிக்கும் பொதுக் கிடங்காக அதை மாற்ற முடிவு செய்தேன்.

வரைகலைத் திரை இல்லாமல் டெபியன் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியது எளிதாகவே முடிந்தது. ஆனால் மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்க முயன்றபோதெல்லாம், அந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்ற பிழைச் செய்தியே வந்தது. இணைய இணைப்பையே இரண்டு நாள் சந்தேகித்த பிறகுதான், ஒவ்வொரு முறை மின்சாரம் போகும்போதும் கணினியின் நாட்காட்டி 2009-க்குத் திரும்பிவிடுவதைக் கவனித்தேன். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட வைக்கும், தாய்ப்பலகையிலிருந்த சிஆர்2032 நாணய மின்கலம் தீர்ந்துபோயிருந்தது. அதனால் பட்டியலின் தேதி கணினிக்கு எதிர்காலமாகத் தெரிந்திருக்கிறது. புதியதைப் பொருத்தி நேரத்தைச் சரிசெய்தவுடன் பிழை மறைந்தது.

பின்னர், வீட்டு வலையமைப்பில் கோப்புகளைப் பகிர உதவும் சாம்பா மென்பொருளை நிறுவி ஒரு கோப்புறையைப் பகிர்ந்ததால், கைப்பேசிகளிலிருந்தும் மடிக்கணினியிலிருந்தும் படங்களை நேரடியாக அனுப்ப முடிகிறது. பழைய வன்தட்டை நான் முழுமையாக நம்புவதில்லை. ஆகவே, வன்தட்டு தன் நிலையைத் தானே கண்காணிக்கும் ஸ்மார்ட் சோதனையில் பழுதான பகுதிகளின் எண்ணிக்கை கூடுகிறதா என்று பார்த்து, மாதம் ஒருமுறை வெளி வன்தட்டிலும் நகலெடுக்கிறேன். மின்கட்டணத்தை எண்ணி, மாலையில் மட்டுமே அதை இயக்குகிறோம்.