இண்டெக்ஸ்டுடிபியில் டிரான்சாக்ஷனை கமிட் செய்வது

பிரவுசருக்குள்ளேயே தரவைச் சேமிக்கும் இண்டெக்ஸ்டுடிபியில், ஒரு பதிவுக்கான ரிக்வெஸ்ட் வெற்றி பெறுவதும் அந்தப் பதிவு நிலைபெறுவதும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பதிவை எழுதும் புட் ரிக்வெஸ்ட்டின் வெற்றியை அறிவிக்கும் ஆன்சக்சஸ் வந்த உடனேயே "சேமிக்கப்பட்டது" என்று பயனருக்குக் காட்டும் நிரல்கள் ஏராளம். அதன் பிறகும் டிரான்சாக்ஷன் (சேர்ந்தே நிறைவேறும் அல்லது சேர்ந்தே ரத்தாகும் ரிக்வெஸ்ட்டுகளின் தொகுப்பு) முழுவதும் ரத்தாகக்கூடும் என்பதால், அது கமிட் ஆகி, அதாவது அதன் மாற்றங்கள் உறுதிசெய்யப்பட்டு, ஆன்கம்ப்ளீட் வந்த பின்னரே அவ்வாறு காட்டுவது சரி.

கடை ஒன்றின் விற்பனைச் செயலியை எடுத்துக்கொள்வோம். பில் போடும்போது 'விற்பனை' ஸ்டோரில் (ஒரே வகைப் பதிவுகளை வைக்கும் பிரிவு) ஒரு வரி சேர வேண்டும், 'இருப்பு' ஸ்டோரில் எண்ணிக்கை குறைய வேண்டும். இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டுமாதலால், இரு ஸ்டோர்களின் பெயர்களையும் கொடுத்து, படிக்கவும் எழுதவும் அனுமதிக்கும் ரீட்ரைட் முறையில் ஒரே டிரான்சாக்ஷனைத் திறக்க வேண்டும். அது முடியும்வரை, அதே ஸ்டோர்களைத் தொடும் மற்ற ரீட்ரைட் டிரான்சாக்ஷன்கள் காத்திருக்கும். ஆகவே தேவையற்ற ஸ்டோர்களைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

பலரும் தடுமாறுவது அடுத்த இடத்தில்தான். நிலுவையில் ரிக்வெஸ்ட் எதுவும் இல்லாமல் கட்டுப்பாடு ஈவென்ட் லூப்புக்கு (பிரவுசர் அடுத்தடுத்த வேலைகளை எடுத்து நடத்தும் சுற்று) திரும்பினால், டிரான்சாக்ஷன் தானாகவே கமிட் ஆகிவிடும். இருப்பைப் படித்த பிறகு, விலையைக் கேட்டு சர்வருக்கு ஃபெட்ச் அனுப்பி, அதற்கு அவெய்ட் போட்டுக் காத்திருந்தால், பதில் வருவதற்குள் டிரான்சாக்ஷன் முடிந்துபோயிருக்கும். அதன் பிறகு எழுத முயன்றால் டிரான்சாக்ஷன்இனாக்டிவ்எரர் என்ற பிழைதான் கிடைக்கும். வெளியிலிருந்து வர வேண்டிய தரவை எல்லாம் முன்கூட்டியே திரட்டிக்கொண்டு, டிரான்சாக்ஷனைக் கடைசியில் திறப்பதே இதற்கு உறுதியான வழி.

எல்லா ரிக்வெஸ்ட்டுகளையும் கொடுத்து முடித்ததும் கமிட் மெதடை நீங்களே அழைக்கலாம்; இது கட்டாயமில்லை. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டின் முடிவையும் நிரல் கையாளும்வரை காத்திராமல் கமிட் வேலை தொடங்குவதால், மொத்தமாகப் பல பதிவுகளை எழுதும்போது சற்று நேரம் மிச்சமாகும். ஆனால் அழைத்த பிறகு அதே டிரான்சாக்ஷனில் புதிய ரிக்வெஸ்ட் எதையும் கொடுக்க முடியாது. முந்தைய ரிக்வெஸ்ட்டின் விடையைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்ய வேண்டிய இடங்களில் இதை அழைக்காதிருப்பதே நல்லது.

கம்ப்ளீட் வந்துவிட்டாலும் தரவு வட்டில் முழுமையாக எழுதப்பட்டுவிட்டதாகப் பொருளில்லை. குரோமில் 121ஆம் பதிப்பு முதல் டியூரபிலிட்டி எனப்படும், தரவு நிலைத்திருப்பதற்கான உறுதியைக் குறிக்கும் அமைப்பின் இயல்புநிலை 'ரிலாக்ஸ்டு'. இதில், மாற்றங்களை இயங்குதளத்திடம் ஒப்படைத்ததுமே கம்ப்ளீட் வந்துவிடும். திடீர் மின்தடையிலும் இழக்கக்கூடாத பில் போன்ற தரவுக்கு, டிரான்சாக்ஷனைத் திறக்கும்போதே, வட்டில் எழுதிய பிறகே கம்ப்ளீட் தரும் 'ஸ்ட்ரிக்ட்' என்று குறிப்பிடுங்கள். வேகம் சற்றுக் குறையும், ஆனால் பணக் கணக்கில் அந்தத் தாமதத்தை ஏற்றுக்கொள்ளவே வேண்டும்.

டிரான்சாக்ஷன் ரத்தானால் இயங்கும் ஆன்அபார்ட் ஹேண்ட்லரையும் தவறாமல் எழுதுங்கள். சேமிப்பிடம் நிரம்பிவிட்டால், ரிக்வெஸ்ட்டுகள் அனைத்தும் வெற்றி பெற்ற பிறகும் கமிட் தோல்வியடைந்து, டிரான்சாக்ஷனின் எரர் பண்பில் கோட்டாஎக்சீடட்எரர் இருக்கலாம்; அப்போது விற்பனை வரியும் இருப்புக் குறைப்பும் சேர்ந்தே ரத்தாகிவிடும் என்பதால், பில் இன்னும் சேமிக்கப்படவில்லை என்று பயனரிடம் தெளிவாகச் சொல்லி, அவர் உள்ளிட்ட விவரங்களைத் திரையில் அப்படியே வைத்திருக்க வேண்டும்.