பழைய அமெரிக்கத் தெருப் படம்: வருடம் கண்டுபிடிப்பது எப்படி?

"அமெரிக்கா, 1955" என்ற குறிப்போடு வாட்ஸப்பில் ஒரு தெருப் படம் வந்தது. அந்த வருடம் தப்பு என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ராத்திரி ஆனது. உங்களுக்கு அரை மணி நேரம் போதும்.

முதலில் படத்தை டின்ஐ (TinEye) என்ற படத்தேடல் தளத்தில் போடுங்கள். கூகுள் லென்ஸ் அதே சாயலில் நூறு படத்தை அள்ளிக் கொட்டும், எனக்கு ஆகாது. டின்ஐயில் பழையதை முதலில் காட்டச் சொன்னால், அது முதன்முதலில் கண்ட பிரதி மேலே வரும். சரியான விவரம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பிரபலமான படமென்றால் கூடுதல் கவனம் தேவை. மர்லின் மன்றோவின் வெள்ளை கவுன் பறக்கும் படத்தைச் சினிமாக் காட்சி என்றே பலர் நினைக்கிறார்கள். அது 1954 செப்டம்பர் 15, நள்ளிரவு தாண்டி, நியூயார்க் லெக்சிங்டன் அவென்யூவில் படப்பிடிப்பைச் சூழ்ந்து நின்ற புகைப்படக்காரர்கள் எடுத்தது. கூட்டம் போட்ட கூச்சலில் அந்தக் காட்சியை ஸ்டுடியோவில் செட் போட்டு மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. சினிமா வந்தது 1955-இல்; குறிப்பில் அந்த வருடம் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

யாரென்றே தெரியாத தெருப் படமா? இருப்பதிலேயே புதிய பொருளைத் தேடுங்கள். பழைய கார் எந்த வருடத்திலும் ஓடும், வராத கார் ஓடாது. என் படத்தில் ஒரு காருக்கு ஜோடி ஜோடியாக நாலு ஹெட்லைட். அது 1957 வாக்கில்தான் வரத் தொடங்கியது. கடை முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோடு (அமெரிக்காவின் பின்கோடு) இருந்தால் 1963 அல்லது அதற்குப் பிறகு. ஸ்டாப் பலகை 1954-இல்தான் சிவப்புக்கு மாறியது. கறுப்பு வெள்ளையிலும் தெரியும்: வெளிர் பலகையில் கறுப்பு எழுத்தென்றால் பழைய மஞ்சள் பலகை.

நான் விழுந்த குழி வேறு. ஸ்கேன் செய்தவர் நெகட்டிவைத் திருப்பி வைத்துவிட்டார், படம் இடம் வலமாக மாறிவிட்டது. அமெரிக்கக் கார்களில் இடப்பக்கம் இருக்க வேண்டிய ஸ்டியரிங் வலப்பக்கம்! நம் ஊரில் அதுதானே வழக்கம், எனக்கு உறைக்கவே இல்லை. இல்லாத தெருமுனையை மேப்பில் தேடிக்கொண்டிருந்தேன். எழுத்து மங்கலாக இருந்தால் முதலில் ஸ்டியரிங்கைப் பாருங்கள். கார் இல்லையென்றால் ஆண்களின் சட்டை: பொத்தான், சட்டை அணிந்தவரின் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும்.

ஓரத்தில் மாதமும் வருடமும் அச்சான கோடாக் பிரிண்ட் கிடைத்தால் துள்ளாதீர்கள். அது ஃபிலிம் கழுவிய மாதம். கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பக்கத்தில் "மார்ச்" என்றிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் ஸ்டியரிங்கை நம்பிச் சரியான படத்தையே திருப்பிவிட்டார். அந்த வண்டி தபால் ஜீப். இறங்காமலே பெட்டியில் கடிதம் போட வசதியாக அங்கே தபால் ஜீப்புகளுக்கு வலப்பக்க ஸ்டியரிங் வைத்ததுண்டு. ஒரு வண்டியோடு நிறுத்தாமல் இன்னொன்றையும் பாருங்கள்.