சுவருக்கு டேப்பஸ்ட்ரி நெய்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

கீழே அகலம் 60 செ.மீ., மேலே 52. நான் நெய்த முதல் பெரிய டேப்பஸ்ட்ரி (நூலாலேயே படம் நெய்த சுவர்த் தொங்கல்) அப்படித்தான் தறியை விட்டு இறங்கியது. குறுக்கே ஓடும் ஊடை நூலை நன்றாக இழுத்துப் பிடித்தால்தான் ஓரம் நேராக வரும் என்று நினைத்து ஒவ்வொரு வரிசையையும் இழுத்து இழுத்துப் போட்டேன், அதுதான் காரணம். புதிதாக நெய்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் செய்யும் தவறு இது.

ஊடை நூல், தறியில் நீளவாக்கில் கட்டிய ஒவ்வொரு பாவு இழைக்கும் மேலே, கீழே, மேலே என்று வளைந்து வளைந்துதான் போகிறது, அந்த வளைவுகளுக்கெல்லாம் சேர்த்து நீளம் வேண்டும். நீங்கள் கொடுக்காவிட்டால் அது பாவை உள்பக்கம் இழுத்து அந்த நீளத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் நூலை நேர்கோடாகப் போடாமல் நடுவில் ஒரு மேடு மாதிரி தூக்கிவிடுங்கள், அந்த மேட்டை விரலால் இரண்டு மூன்று இடத்தில் அமுக்கிச் சின்னச் சின்ன மேடுகளாக்குங்கள், அப்புறம் சீப்பால் தட்டி இறக்குங்கள். அதிகமாக விட்டால் முகப்பில் குட்டிக் குட்டிச் சுருளாக எட்டிப் பார்க்கும், குறைந்தால் ஓரம் உள்ளே போகும். கை பழகும்வரை 5 செ.மீ.க்கு ஒருமுறை டேப் வைத்து அகலத்தை அளந்துவிடுங்கள். கண்ணை நம்பவே கூடாது, ஒரு வரிசைக்கு ஒரு மில்லிமீட்டர்கூடக் குறைவதில்லை, அதனால் குறைவது தெரியாது.

பாவுக்கு ஸ்வெட்டர் பின்னும் நூலைப் போடாதீர்கள். அது இழுத்தால் நீளும், இழுப்பு சீராக நிற்காது. முறுக்கேறிய பருத்தி நூலோ லினன் நூலோ போதும். இரண்டு பாவு இழைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியும் ஊடையின் தடிமனும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஊடை தடித்தால் தட்டினாலும் இறங்காது, படத்துக்கு நடுவே பாவு வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். இதற்கு ஒரு உள்ளங்கை அளவு மாதிரி நெய்து பார்ப்பதுதான் வழி. அந்த மாதிரியை வைத்தே எத்தனை சிட்டம் நூல் வேண்டும் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு நிறத்தையும் ஒரே சாயத்தொகுதியில், அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூலாக, மொத்தமாக வாங்கிவிடுங்கள். தட்டித் தட்டி இறக்குவதால் இந்த நெசவு நினைப்பதைவிட நிறையவே நூல் குடிக்கும். பாதியில் தீர்ந்துபோய் மறுபடி வாங்கும் அதே நீலம் அதே நீலமாக இருக்காது.

பலர் தடுமாறுவது படத்தில். எம்பிராய்டரி படத்தைக் காட்டி "இதே மாதிரி நெய்து கொடுங்கள்" என்று கேட்பார்கள் (பெயரிலேயே டேப்பஸ்ட்ரி இருக்கும், சுமார் 70 மீட்டர் நீளமுள்ள புகழ்பெற்ற பாயோ டேப்பஸ்ட்ரிகூட லினன் துணிமேல் ஊசியால் தைத்த வேலைதான், நெசவே இல்லை). ஊசி எங்கே வேண்டுமானாலும் போகும், வரும். தறியில் கீழிருந்து வரிசை வரிசையாகத்தான் ஏற முடியும், முடித்த இடத்துக்குத் திரும்பிப் போய் ஒரு கோட்டைச் சேர்க்க வழியில்லை. அதனால் பாவுக்குப் பின்னால் முழு அளவில் ஒரு வரைபடம், அதாவது கார்ட்டூன், வைக்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

அதிலும் செங்குத்துக் கோடுகளைக் கவனியுங்கள். இரண்டு நிறங்கள் அடுத்தடுத்த பாவு இழைகளில் நேருக்கு நேர் வந்து திரும்பினால் அந்த இடத்தில் ஒரு பிளவு விழும். சின்னப் பிளவு அழகு. ஒரு சாண் நீளப் பிளவு தொங்கவிட்டதும் வாயைத் திறந்துகொள்ளும், அதைத் தைக்க வேண்டும், அல்லது நெய்யும்போதே இரண்டு நூல்களையும் கோத்துவிட வேண்டும். மரம், தூண் என்று நிமிர்ந்த உருவங்களே அதிகம் என்றால் படத்தைப் பக்கவாட்டில் திருப்பி நெய்யுங்கள். ஐரோப்பாவின் பழைய பெரிய டேப்பஸ்ட்ரிகளில் பெரும்பாலானவை அப்படி நெய்தவைதான், சுவரில் மாட்டும்போது பாவு கிடைமட்டமாக ஓடும். பின்புறத்திலிருந்து நெய்கிறீர்கள் என்றால் படம் இடவலமாகிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். வத்திக்கானின் சிஸ்டைன் தேவாலய டேப்பஸ்ட்ரிகளுக்கு இத்தாலிய ஓவியர் ரஃபேல் 1515, 1516 வாக்கில் செய்த கார்ட்டூன்கள் இதற்காகவே கண்ணாடிப் பிம்பமாக இருக்கின்றன.

அறையைப் பார்க்காமல் நிறம் தேர்வு செய்யாதீர்கள். பகலில் ஜன்னலோரம் துள்ளும் நீலம், மாலையில் மஞ்சள் விளக்கின் கீழ் சாம்பலாகிவிடும், நூலை அந்தச் சுவரிலேயே பிடித்துப் பாருங்கள். நேர் வெயில் விழும் சுவர் வேண்டவே வேண்டாம். அருங்காட்சியகங்கள் துணிகளுக்கு வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவில் நிறுத்துவது சாயம் வெளிறும் என்பதால்தான், வெளிறியதை மீட்கவும் முடியாது.

கடைசியில் மாட்டும்போது இரண்டு மூலையில் ஆணி அடித்துவிடுகிறார்கள், எனக்கு மனசே ஆறுவதில்லை. மொத்த எடையும் அந்த இரண்டு புள்ளியில் விழுந்து நடுப்பகுதி தொய்கிறது. மேல் ஓரம் முழுக்கப் பருத்திப் பட்டை தைத்து, அதன்மேல் வெல்க்ரோவின் மென்மையான பக்கத்தைத் தையுங்கள், சொரசொரப்பான பக்கம் சுவரில் இருக்கும் மரச்சட்டத்துக்கு. எடை சமமாகப் பிரியும். கம்பளி என்றால் அந்துப்பூச்சி இருட்டான, யாரும் தொடாத பின்புறத்தைத்தான் தேடிப் போகும், வருடத்துக்கு ஓரிரு முறை இறக்கி, பின்பக்கம் திருப்பி, வாக்குவம் கிளீனரின் வாயில் வலை கட்டி மெதுவாகத் தூசி எடுங்கள். வெல்க்ரோ என்பதால் இறக்கவும் மாட்டவும் அதிக நேரம் ஆகாது.