வெங்காயத் தோலை வைத்துச் செல் சவ்வின் தாங்குதிறனைப் பார்ப்பது எப்படி?

செல் சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். பள்ளி நுண்ணோக்கியில் அது கண்ணுக்குப் படவே படாது. ஆனால் அதன்மீது விசை ஏறும்போதும் இறங்கும்போதும் நடப்பவை நன்றாகத் தெரியும். நல்ல சிவப்பான பெரிய வெங்காயம், ஸ்லைடு இரண்டு, கவர் ஸ்லிப் இரண்டு, பிளேடு, இடுக்கி, சொட்டுக்குழாய், உறிஞ்சுதாள், உப்பு, நுண்ணோக்கி ஆகியவை போதும்.

படி 1: சருகை நீக்கிவிட்டு, சதைப்பற்றான முதல் இதழின் வெளிப்புறத்தைப் பிளேடால் லேசாகக் கீறி, ஊதாத் தோலை இடுக்கியால் உரியுங்கள். உட்புறத் தோல் சுலபமாக உரியும்தான். ஆனால் அதில் நிறம் இல்லாததால் கண்தான் வலிக்கும். ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, தோலை விரித்து, கவர் ஸ்லிப்பால் மூடுங்கள். இதேபோல் இரண்டு ஸ்லைடுகள் வேண்டும்.

படி 2: செல்கள் விளிம்புவரை ஊதாவாக நிறைந்திருக்கும். நிறம் வாக்குவோலின், அதாவது செல்லுக்குள் இருக்கும் பெரிய சாற்றுப் பையின், சாற்றில் இருக்கிறது. உள்ளே உள்ள அழுத்தம் பெரும்பாலும் கார் டயரின் காற்றழுத்தத்தைவிட அதிகம். செல் சுவர் அணைத்துப் பிடித்திருப்பதால்தான் சவ்வு பிழைத்திருக்கிறது.

படி 3: 100 மி.லி. தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். இரண்டு ஸ்லைடுகளிலும் கவர் ஸ்லிப்பின் ஓர் ஓரத்தில் அதைச் சொட்டி, எதிர் ஓரத்தில் உறிஞ்சுதாளை வையுங்கள். சில நிமிடங்களில் ஊதா நிறம் சுவரைவிட்டு விலகிச் சுருங்கும். பாடப்புத்தகம் இதைப் பிளாஸ்மாச் சிதைவு என்கிறது. ஒளியைக் குறைத்து 40 மடங்கு லென்ஸில் தேடினால், சில செல்களில் சவ்வைச் சுவரோடு பிணைக்கும் மெல்லிய இழைகள் தென்படலாம். ஹெக்ட் இழைகள் என்பவை இவைதான்.

படி 4: என்னைக் கேட்டால், மற்றவை எல்லாம் இதற்கான முன்னேற்பாடு. முதல் ஸ்லைடில் உப்பைப் படிப்படியாகக் குறையுங்கள்: பாதிச் செறிவு, பிறகு கால் பங்கு, கடைசியாக வெறும் தண்ணீர். இரண்டாவதில் வெறும் தண்ணீரை ஒரேயடியாகப் பாய்ச்சுங்கள். முதலாவதில் ஊதா நிறம் மெல்லத் திரும்பிச் செல்லை நிரப்பும். இரண்டாவதில் சில செல்கள் கிழிந்து, நிறம் கசிந்து வெளிறிப்போகக்கூடும். சவ்வின் பரப்பு ஒருசில சதவீதம்தான் விரியும். சுருங்கியபோது உபரிச் சவ்வைச் செல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதைத் திரும்ப இணைக்க அவகாசம் வேண்டும்.

மழைநீரில் அகப்படும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கும் இதே ஆபத்து உண்டு. சவ்வு கிழியும் தறுவாயில் எம்எஸ்சிஎல் என்ற புரதம் சுமார் 3 நானோமீட்டர் அகலத்துக்குத் திறந்து, கரைபொருள்களை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறது. தூது சொல்ல எந்த வேதிப்பொருளும் தேவையில்லை; சவ்வின் இழுவிசையே அதைத் திறக்கிறது. உயிரியலாளர் சிங் குங்கின் குழுவினர் இதன் மரபணுவை 1994இல் கண்டறிந்தனர்.

நம் உடலில் சவ்வின் இழுவிசையை உணரப் பியெசோ புரதங்கள் உள்ளன. ஆய்வாளர்கள் ஆர்டெம் படபூட்டியனும் பெர்த்ரான் கோஸ்தும் செல்களை நுண்ணிய கண்ணாடிக் குழாயால் குத்திக்கொண்டே 72 மரபணுக்களை ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்தனர். அவற்றில் ஒன்றை முடக்கியபோது செல் குத்தலை உணரவில்லை. அதுதான் 2010இல் அறிவிக்கப்பட்ட பியெசோ1. சவ்வு இழுபடும்போது இது திறந்து கால்சியம் அயனிகளை உள்ளே விடுகிறது. 2021 மருத்துவ நோபல் பரிசில் படபூட்டியனுக்குப் பங்கு கிடைத்தது.

ஒரு எச்சரிக்கை: உப்புநீரில் நெடுநேரம் கிடந்த தோலைப் படி 4க்குப் பயன்படுத்தாதீர்கள். செல்கள் ஏற்கெனவே செத்திருந்தால், எவ்வளவு மெதுவாகத் தண்ணீர் விட்டாலும் ஊதா நிறம் திரும்பாது.